வலது விலா வலியை வளர்ப்பது எப்படி?

சாப்பிட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நெஞ்சுக் குழிக்குக் கீழே, கொஞ்சம் வலப்பக்கமாக ஒரு பிடிப்பு. அது முதுகுக்குப் போகிறது, வலது தோள்பட்டைக்கு ஏறுகிறது, குமட்டுகிறது. நல்லது. பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். மீதிக்கு நான் பொறுப்பு. கீழே உள்ளதை வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. முதலில் பெயர் வையுங்கள். பெயர் 'கேஸ்'. வேறு பெயருக்கு இடம் கொடுக்காதீர்கள். பெங்களூரு அல்சூர் பஜார் தெருப் பக்கம் போய், "அண்ணா, கேஸுக்கு ஒண்ணு கொடுங்க" என்று கேளுங்கள். டாக்டர் சீட்டு கேட்கிற கடையா? அடுத்த கடைக்குப் போங்கள். மாத்திரை போட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலி அடங்கும். போடாவிட்டாலும் பல நேரம் அடங்கும், ஏனென்றால் பித்தப்பையின் வாயை அடைத்த கல் தானே விலகியிருக்கும். பரவாயில்லை, புகழ் மாத்திரைக்கே போகட்டும்.

2. எதைத் தின்றால் வலிக்கிறது என்று கவனிக்காதீர்கள். கவனித்தால் ஞாயிற்றுக்கிழமை தொன்னை பிரியாணி, வெண்ணெய் தோசை, கல்யாண வீட்டு நெய் மைசூர்பாகு என்று பட்டியல் நீளும், மனசு கஷ்டப்படும். கல்லீரல் சுரக்கிற பித்தம் பித்தப்பையில் சேர்ந்திருக்கும். கொழுப்பு குடலுக்குள் இறங்கியதும் ஒரு ஹார்மோன் கிளம்பிப் பையைச் சுருங்கச் சொல்லும். உள்ளே கல் இருந்து வாயை அடைத்துக்கொண்டால் அந்தச் சுருக்கம்தான் வலி. இவ்வளவு நேரான கணக்கை வைத்துக்கொண்டு வீட்டில் சண்டை போட முடியாது. பழியை உருளைக்கிழங்கின் மேல் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாமியார் வைத்த பருப்பு இருக்கிறது.

3. வலி ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் யாரையும் எழுப்பாதீர்கள். அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருங்கள். அம்மா தானாகவே எழுந்து வந்து, பெருங்காயத்தை வெந்நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போடுவார். அரை டம்ளர் ஓமத் தண்ணீரும் கொடுப்பார். வேர்த்துக் கொட்டுகிறதா? மேல்வயிற்று வலி மாரடைப்பாகவும் இருக்கலாம், பல நேரம் ஓர் இசிஜியிலேயே தெரிந்துவிடும். ஆட்டோ கூப்பிட்டால் சிவாஜிநகர் பவுரிங் ஆஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஆட்டோ கூப்பிடாதீர்கள். பெருங்காயத்தைக் கூட்டுங்கள்.

4. கல் என்று சந்தேகம் வந்துவிட்டதா? எல்லாக் கல்லும் ஒன்றுதான் என்று முடிவு கட்டுங்கள். சிறுநீரகக் கல்லுக்கு மச்சான் வாழைத்தண்டுச் சாறு குடித்தார், நீங்களும் குடியுங்கள். மூத்திரம் போகிற பாதைக்கும் பித்தப்பைக்கும் தொடர்பே இல்லை என்று யாராவது சொன்னால், "எல்லாம் ஒரே வயிறுதானே" என்று வாயை அடையுங்கள்.

இன்னும் தீவிரமாகப் போக விரும்புகிறவர்களுக்கு ஆலிவ் எண்ணெய்யும் எலுமிச்சைச் சாறும் உண்டு. கலக்கிக் குடித்தால் மறுநாள் பச்சைப் பச்சையாக உருண்டைகள் வெளியே வரும். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெண்மணியின் அப்படிப்பட்ட 'கற்களை'ப் பற்றி எழுதினார்கள். சோதித்துப் பார்த்தால் குடித்த எண்ணெய்யே வயிற்றுக்குள் சோப்பாகித் திரண்டிருந்தது, சூடு காட்டியதும் உருகியது. நீங்கள் சோதிக்காதீர்கள். படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுங்கள்.

5. ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்று வந்தால், வழியில் நின்று ஒரு மசால் தோசையும் காபியும் முடித்துவிட்டுப் போங்கள். பல மணி நேரம் பட்டினி இருந்தால்தான் பை நிறைந்து கல் தெளிவாகத் தெரியும். சாப்பிட்டால் அது சுருங்கிக்கொள்ளும். "நாளைக்கு வெறும் வயித்துல வாங்க" என்பார்கள். அந்த நாளைக்கு ஆபீஸ், அதற்கு மறுநாள் ஆடிக் கிருத்திகைக் காவடி.

6. டாக்டர் வலது விலாவின் அடியில் விரலை வைத்து, "மூச்சை இழுங்க" என்பார். பித்தப்பை அழன்றிருந்தால் பாதி மூச்சிலேயே வலியில் நின்றுவிடுவீர்கள். இதற்கு மர்ஃபி அறிகுறி என்று பெயர். அந்த மர்ஃபி சிகாகோ சர்ஜன், நம் அல்சூர் மர்ஃபி டவுன்காரர் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துவிடுங்கள்.

7. தள்ளிப்போடுங்கள். வலியில்லாமல் சும்மா கிடக்கிற கல்லுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர்களே சொல்வார்கள். இதில் முதல் வார்த்தையை விட்டுவிட்டு மீதியை மனப்பாடம் செய்யுங்கள். சின்னச் சின்னத் துளை போட்டுப் பித்தப்பையை எடுக்கும் முறையை எரிக் மூஹே ஜெர்மனியில் 1985இலும், டாக்டர் தெஹெம்டன் உட்வாடியா மும்பையில் 1990இலும் செய்து காட்டிவிட்டார்கள். இத்தனை வருஷம் இங்கேயே இருக்கிற வைத்தியம் எங்கே ஓடிவிடப் போகிறது? அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலையைப் பாருங்கள். 1991இல் சாக்கு போட்டு மூடினார்கள், 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். முன்னே தின்றது செரித்த பிறகு தின்னச் சொன்ன மனிதருக்கே 18 வருஷம் என்றால், நீங்கள் இரண்டு வருஷம் பொறுக்கக்கூடாதா?

தள்ளிப்போடுவதில் உங்களுக்கு முன்னோடி, ஓவியர் ஆண்டி வார்ஹோல். பித்தப்பையில் கல் என்று தெரிந்தும் ஆஸ்பத்திரிப் பயத்தில் வருஷக்கணக்காக நாளைக் கடத்தினார். 1987 பிப்ரவரியில் வேறு வழியில்லாமல் திறந்தபோது பை அழுகிப் போயிருந்தது. மறுநாள் காலை அவர் இல்லை.

8. குளிரும் காய்ச்சலும் வருகிறதா, கண் மஞ்சளாகிறதா? கல் பித்தக் குழாய்க்குள் இறங்கியிருக்கலாம், கணையமும் வீங்கலாம். இது நாள் பார்க்காமல் ஓடவேண்டிய கட்டம் என்பதால் நாள் பாருங்கள். மஞ்சள் காமாலைக்கு மந்திரிக்கிறவர், பச்சிலை கொடுக்கிறவர் என்று ஒவ்வொருவராகப் பார்த்து முடியுங்கள்.

9. இவ்வளவுக்கும் பிறகு யாராவது உங்களைத் தூக்கிக்கொண்டுபோய் ஆபரேஷன் செய்து காப்பாற்றிவிட்டால், மனம் தளராதீர்கள். கல்லை ஒரு சின்ன டப்பாவில் கேட்டு வாங்கி, டிவிக்குப் பக்கத்தில் வையுங்கள். பார்க்க வருகிற மச்சான் ஆப்பிள் பையை இறக்கிவிட்டு, வலது விலாவைத் தடவியபடி, "எனக்கும் நேத்து பிரியாணிக்கப்புறம் இங்கதான் ஒரு மாதிரி..." என்று ஆரம்பிப்பார். முடிக்க விடாதீர்கள். "அது கேஸ்" என்று சொல்லி, மிச்சமிருக்கிற மாத்திரை அட்டையை அவர் சட்டைப்பையில் திணியுங்கள்.