ஐந்தாவது பிரீமியத்துக்குப் பாண்டியிலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: பி.ஒய். 01 எண் கொண்ட பழைய கார் ஒன்றின் சொந்தக்காரன், முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பெறுநர்: இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஐதராபாத்.

பொருள்: மச்சான் செய்த பாவத்தை மாமன் கணக்கில் எழுதுவது தொடர்பாக.

ஐயா, அம்மணி,

2021 ஜனவரியில் தங்கள் பணிக்குழு சொன்ன யோசனையை நாடு மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. சொந்தச் சேதம், அடிப்படை தேர்டு பார்ட்டி, கூடுதல் தேர்டு பார்ட்டி, கட்டாயத் தனிநபர் விபத்து என்று நாலு தலைப்பில் பிரீமியம் இருக்க, 'போக்குவரத்து விதிமீறல் பிரீமியம்' என்று ஐந்தாவதாக ஒன்று. முதலில் டெல்லி வட்டாரத்தில் சோதித்துப் பார்ப்பதாகத் திட்டம். 2024-இல் டெல்லி துணைநிலை ஆளுநர் சக்சேனாவும் இதையே வலியுறுத்தி நிதியமைச்சருக்குக் கடிதம் போட்டார். டெல்லியில் கிளம்பினது என்றைக்காவது பாண்டிக்கும் வரும். வருவதற்குள் என் சந்தேகங்களைக் கேட்டுவிடுகிறேன்.

விதிமீறலுக்கு விதிமீறல் புள்ளி, புள்ளி ஏற ஏறப் பிரீமியமும் ஏறும்; தங்கள் குழுவின் பட்டியலில் குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தப்பான இடத்தில் நிறுத்தினால் 10. அதாவது, தீபாவளிக்குத் துணி எடுக்க நேரு வீதிக்குப் பத்து நடை போய்ப் பத்து முறையும் வண்டியை ஏடாகூடமாக நிறுத்திய குடும்பஸ்தனும், சனிக்கிழமை ராத்திரி பாரிலிருந்து இறங்கி, பின்சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தேடியவனும் ஒரே எடை. தீபாவளி சமயத்தில் நேரு வீதியில் கார் நிறுத்தச் சரியான இடம் என்று ஒன்று இருந்தால் தாங்களே வந்து காட்ட வேண்டும். மாலை போட்டு வரவேற்கிறோம்.

குடித்துவிட்டு ஓட்டுகிறவன் கூடுதலாகக் கட்டட்டும், எனக்கு ஆட்சேபமே இல்லை. சிக்கல் என்னவென்றால், அவன் ஓட்டும் வண்டி அவன் அப்பா பேரில் இருக்கிறது.

யார் ஓட்டினாலும் புள்ளி, பதிவுபெற்ற உரிமையாளர் தலையில்தான் என்று குழு தெளிவாகச் சொல்லிவிட்டது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மாமா, பீச் வரைக்கும்தான்" என்று மச்சான் சாவியை வாங்கிக்கொண்டு போனான். நான் சலூனில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தேன். போனில் மெசேஜ் வந்தது: ஒன்வேயில் எதிர்த்திசையில் போன குற்றத்துக்குச் சலான். நுரையைத் துடைத்துவிட்டு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைக் கூப்பிட்டேன்.

"ஓட்டினது நான் இல்லைங்க."

"ஆர்.சி. புக்ல யார் பேர் சார் இருக்கு?"

"என் பேர்."

"அந்த ஐந்தாவது பிரீமியம் இன்னும் வரலை. வந்துட்டா ஓட்டினதும் நீங்கதான் சார்."

அவரே இன்னொன்றும் சொன்னார். கிளைம் கேட்காமல் இருந்தால் முதல் வருஷம் 20 சதவீதம், ஐந்து வருஷத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி தருகிற நோ கிளைம் போனஸ், வண்டிக்குச் சேர்ந்தது இல்லையாம், ஆளுக்குச் சேர்ந்தது. காரை விற்றாலும் போனஸ் என்னோடு வரும். நல்ல பேர் ஆளோடு வரும். கெட்ட பேர் மட்டும் காரில் ஏறி, யார் ஓட்டினாலும் என் வீட்டு வாசலில் வந்து இறங்குமாம்.

பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா இருக்கிறார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவரிடம் புலம்பினேன். பிரான்சில் 'போனஸ்-மாலுஸ்' என்று ஒரு கணக்கு, 1976-இலிருந்து நடக்கிறதாம். எல்லாருக்கும் ஆரம்பம் 1. தப்பில்லாமல் ஒரு வருஷம் ஓட்டினால் 5 சதவீதம் குறையும், 0.50 வரைக்கும் இறங்கலாம். நம் தப்பால் விபத்து நடந்தால் 25 சதவீதம் ஏறும், உச்சம் 3.50. தண்டனைக்கு ஏணி இருப்பதுபோல் ஒழுக்கத்துக்கும் ஏணி. தங்கள் ஐந்தாவது பிரீமியத்தில் ஏறுவதற்கு மட்டும்தான் படி கட்டியிருக்கிறீர்கள். பிரெஞ்சுக்காரன் எங்களுக்குச் சிவப்புத் தொப்பிப் போலீஸை விட்டுப்போனான், இந்தக் கணக்கை மட்டும் ஊருக்குப் போன பிறகுதான் போட்டான்.

எங்கள் ஊர் வண்டிகளின் கதை வேறு. பி.ஒய். 01 பலகை மாட்டிய பளபளப்பான கார்கள் பல பாண்டிக் காற்றைச் சுவாசித்ததே இல்லை. சாலை வரி இங்கே குறைவு என்பதால் கேரளத்துப் பெரிய மனிதர்கள் இங்கே முகவரி காட்டிப் பதிவு செய்த கதை 2017-இல் நாறியது. அப்படிப்பட்ட கார் கொச்சியில் சிக்னலைத் தாண்டினால் நோட்டீஸ் இங்கே, சைக்கிள்கூட இல்லாத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டும். வாடகை ஸ்கூட்டர் கடைக்காரர்கள் நிலைமை இன்னும் பரிதாபம். விடுமுறைக்கு வருகிற பிள்ளைகள் மூன்று பேராக ஏறி, ஒன்வேயைத் தலைகீழாகச் சுற்றிவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள். புள்ளிகள் கடையிலேயே தங்கிவிடும்.

பயமுறுத்தினால் திருந்திவிடுவோம் என்றும் நினைக்க வேண்டாம். 2019 பிப்ரவரியில் ஹெல்மெட் போடாதவர்களை அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடியே நடுத்தெருவில் நின்று மடக்கினார். அதே வாரம் முதலமைச்சர் நாராயணசாமி ஆளுநர் மாளிகை வாசலில் தர்ணாவில் உட்கார்ந்தார். அவர் சொன்ன மனக்குறைகளில் ஹெல்மெட்டும் ஒன்று. தலைக்கவசத்துக்காக இரண்டு தலைகள் தெருவுக்கு வந்த ஊர் இது.

ஆகவே ஐந்தாவது பிரீமியம் வருகிறபோது விண்ணப்பப் படிவத்தில் 'ஓட்டியவர்' என்று ஒரு கட்டம் போடுமாறு வேண்டுகிறேன். நான் மச்சான் பேரை அச்சடித்தாற்போல எழுதித் தருகிறேன். வீட்டம்மாவுக்கு நகல் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
பத்து வருஷமாகக் கிளைம் கேட்காத ஒருவன்.

பி.கு.: இதை ரங்கப்பிள்ளை வீதித் தபால் நிலையத்துக்கு நடந்துபோய்த்தான் போடுகிறேன். காரை மச்சான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.