காது குத்துறது இருக்கட்டும், கேக்குதா பாத்தியா?

உக்காரு பேத்தி. பாப்பாவக் கீழ எறக்கி வுடு. தரை ஒண்ணும் கடிக்காது, உங்க ஆயா காலையிலதான் பெருக்குனா. பதினாலு மாசப் புள்ளைய இடுப்ப வுட்டு எறக்காம வெச்சிகினு, "தாத்தா, இன்னும் நடக்க மாட்டேங்கறாளே"ன்னு எங்கிட்ட வந்து அழுவறியே, அவ எங்க நடப்பா? உன் இடுப்பு மேலயா?

உன் கவலை எனக்குத் தெரியும். தம்பிக்கு சிங்கப்பூர்ல கல்யாணம். பாப்பா பட்டுப் பாவாடை கட்டிகினு தத்தக்கா பித்தக்கான்னு நடந்து போயி மாமன் கையில பூவக் குடுக்கணும். அத்த நீ வீடியோ புடிக்கணும். சேலையூர்ல உங்க பிளாட்டு வாட்ஸ்அப் குரூப்புல போடணும். எதிர் வீட்டுக்காரி எம்புள்ள பத்தாம் மாசமே நடந்துட்டான்னு போட்டாளே, அவளுக்கு பதில் சொன்ன மாதிரியும் ஆச்சு. கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சி, சரி. புள்ள காலுக்கு நாள் குறிக்கறதுக்கு எந்த ஐயரப் பாத்த?

ஏரிக்கரையில எங்கூட நடக்க வர்றாரு ஒரு கொழந்தை டாக்டரு, ரிட்டயர் ஆனவரு. அவரு நடக்கறது கொஞ்சம், பேசறது ஜாஸ்தி. அவரு சொன்னாரு, உலகச் சுகாதார நிறுவனம் அஞ்சு நாட்டுப் புள்ளைங்கள வெச்சிப் பாத்து 2006-ல ஒரு கணக்கு போட்டுதாம். கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, அதோட நம்ம டெல்லிப் புள்ளைங்க. புடிமானம் இல்லாம தானா நடக்கறது 8 மாசத்துலயும் வரலாம், 17½ மாசம் வரைக்கும் இழுக்கலாம். எல்லாம் நல்லா இருக்கற புள்ளைங்கதான். இதுல நூத்துக்கு நாலு புள்ள முட்டி போட்டுத் தவழவே இல்லியாம். அந்த நாலு புள்ளையோட அம்மாங்க எத்தினி ராத்திரி தூங்காம கெடந்தாளுங்களோ. 18 மாசம் தாண்டியும் நடக்கலன்னா அப்பொ டாக்டர்கிட்ட இட்டுகினு போ. இப்பொ போயி அவரு டீ குடிக்கற நேரத்தக் கெடுக்காத.

இது என்னமோ வெள்ளக்காரன் புதுசா கண்டுபுடிச்ச கணக்குன்னு நெனைக்காத. நம்ம புலவருங்க பிள்ளைத்தமிழ்னு பாடி வெச்சானுங்களே, அது முழுக்க மாசக் கணக்குதான். மூணாம் மாசம் காப்பு. அஞ்சாம் மாசம் செங்கீரை, அதாவது கையை ஊனி, ஒரு காலை மடக்கி, தலையத் தூக்கி ஆட்டற வயசு. ஏழுல தால், தாலாட்டு கேட்டு நாக்கை அசைக்கும். ஒம்போதுல சப்பாணி, உக்காந்து கை தட்டும். பதினொண்ணுல முத்தம். பதிமூணுல வருகை, வா வான்னு கூப்ட்டா நடந்து வரும். பதினஞ்சுல அம்புலி, நெலாவக் கூப்புடறது. இருவத்தோராம் மாசம் பையனா இருந்தா சிறுதேர் உருட்டும். மீனாச்சிக்கும் முருகனுக்கும் பாடுனதாலதான் மாசம் தப்பாம வருது. சாமிக்கே பதிமூணாம் மாசம் ஆவும்போது, உங்க எதிர் வீட்டுப் பையன் பத்துல நடந்தா நடந்துட்டுப் போறான். அம்மாங்க அளக்கறதுக்குப் புலவருங்க இத்தப் பாடல. ஒவ்வொரு மாசமும் கொஞ்சறதுக்கு ஒரு சாக்கு வேணும்னு பாடுனானுங்க.

அப்புறம் அந்த மூலையில கலர் கலரா ஒரு சாமான் நிக்குதே, புள்ளைய நடுவுல சொருவி, சுத்தி சக்கரம் வெச்சது. யாரு குடுத்த கிஃப்ட்டு? யாரு குடுத்திருந்தாலும் பரண் மேல போடு. கனடாவுல 2004-லயே அத்த விக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. படியில உருண்டு வுழுந்து மண்டைய ஒடச்சிக்குதுங்கன்னு. அதுல உக்காந்து உருளற புள்ள நடக்கறது தள்ளிப் போவும், சீக்கிரம் வராது. நம்ம மரத்து நடைவண்டி அப்பிடியில்ல. புள்ள தானா எழுந்து நிக்கணும், தானாத் தள்ளணும், வுழுந்தா பொதுக்குனு உக்காரும். பல்லாவரம் வெள்ளிக்கெழம சந்தையில தேடிப் பாரு, பழசு ஏதாச்சும் கெடைக்கும். பேரம் பேச என்னைய இட்டுகினு போ. உன் செருப்பப் பாத்தே அவன் வெலைய ஏத்திடுவான்.

இப்பொ நான் கேக்கறதுக்கு பதில் சொல்லு. பாப்பா முதுகுக்குப் பின்னாடி நின்னு, செல்போன் சத்தம் இல்லாம, டிவி சத்தம் இல்லாம, மெதுவாப் பேரச் சொல்லிக் கூப்ட்டுப் பாத்தியா? திரும்புதா? இல்ல, முழிக்காத. நெசமாத்தான் கேக்கறேன். காது குத்தறதுக்குக் கோயில் பாத்தாச்சி, தாய்மாமன் மடி பாத்தாச்சி, கம்மல் டிசைன் பாத்தாச்சி. அந்தக் காது கேக்குதான்னு யாரு பாத்தது?

நடக்கறது ஊருக்கே தெரியும், அதனால அதுக்கு ஊரே கவலப்படுது. காது கேக்கறது வீடியோவுல வுழாது, அதான் அது யாருக்கும் நெனப்புக்கே வர்றதில்ல. வேணுங்கற சாமான வெரல் நீட்டிக் காட்டுதா? "அப்பா எங்க"ன்னா அப்பன் மூஞ்சியப் பாக்குதா? நீ சிரிச்சா சிரிக்குதா? 16 மாசம் ஆயும் ஒரு வார்த்த வரல, ரெண்டு வயசு ஆயும் "பால் குடு"ன்னு ரெண்டு சொல்லு சேரல, இல்லன்னா பேசிகினு இருந்தது திடீர்னு பேச்ச வுட்டுடுச்சின்னா, அப்பத்தான் ஓடணும். அப்பொ பாத்து உன் மாமியார் சொல்லுவா, "இவங்கப்பனே மூணு வயசுலதான் வாய தொறந்தான்"னு. அது வாஸ்தவம். அன்னிக்குப் பேசாததுக்கும் சேத்து இன்னிக்குப் பேசறான். ஆனா அத்த நம்பி வூட்ல உக்காந்துடாத.

ஓடறதுக்கு எடம் இல்லாம இல்ல. உங்க தெரு முனையிலயே அங்கன்வாடி இருக்குது. நீ அத்த சத்துமாவு குடுக்கற எடம்னு மட்டும் நெனச்சிகினு இருக்கற. 1975-ல இருந்து நடக்குது அந்தத் திட்டம். மாசாமாசம் எடை போட்டு அட்டையில கோடு போடுவாங்க. 2013-ல இருந்து டாக்டருங்க குழு ஒண்ணு வருஷத்துக்கு ரெண்டு தடவ அங்கன்வாடிக்கே வந்து புள்ளைங்களப் பாக்குது. பொறவிக் கொறை, சத்துக் கொறை, நோவு, வளர்ச்சியில தாமதம்னு நாலையும் பாக்கறாங்க. ஏதாச்சும் தோணுச்சின்னா மாவட்ட மையத்துக்கு எழுதிக் குடுப்பாங்க. கோவளம் போற வழியில முட்டுக்காட்டுல நிப்மெட்னு நடுவண் சர்க்கார் நிறுவனமே இருக்குது, 2005-ல வந்தது. கேட்டா, "ஐயோ அது மாற்றுத்திறனாளிங்களுக்கு, நாம ஏன் போவணும்"னு மூஞ்சிய சுளிப்ப. முட்டுக்காட்டுக்குப் படகு வுடப் போவும்போது மட்டும் அந்த ரோடு இனிக்குதா?

வெக்கப்படாத, லேட்டா வளந்தா ஒண்ணும் கொறைச்சல் இல்ல. நான் கூடத்தான் பஞ்சாயத்துல பொறந்தேன். நம்ம மாடம்பாக்கம் பேரூராட்சி ஆச்சு, 2021-ல தாம்பரம் மாநகராட்சிக்குள்ள போச்சு. நான் இருந்த திண்ணையவுட்டு நவுரல. ஊரு தானா வளந்து எம்மேல வந்து ஏறிச்சி. ஒரு மைல் கல்லும் நான் தாண்டல, வரி மட்டும் தாண்டிப் போச்சு.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். முகூர்த்தத்துக்கு லேட்டாப் போயிடுவமோன்னு பதர்றியே, உன் தம்பிக்குக் கல்யாணம் ஆயி மாசம் மூணு ஆச்சு, தெரியுமா? தெரியும், ஆனா ஒத்துக்க மாட்ட. அந்த ஊர்ல 1961-லயே பெண்கள் சாசனம்னு சட்டம் போட்டுட்டாங்க. முஸ்லிம் அல்லாதவங்க எல்லாருக்கும் ஒருத்தனுக்கு ஒருத்தி, அதுவும் முறைப்படிப் பதிஞ்சாத்தான் செல்லும். அங்கத்த புள்ளைங்க வீட்டு வசதி வாரிய வீட்டுக்கு மனு போடணும்னு மொதல்ல போயி பதிஞ்சிட்டு வந்துடும், சடங்கு ஆற அமர நடக்கும். அப்பிடித்தான் அன்னிக்கு உன் தம்பியும் ஒரு சட்டையப் போட்டுகினு, நாலு பேரோட நின்னு கையெழுத்துப் போட்டான். நீ பாக்கல, யாரும் அழுவல, மேளம் இல்ல. அதனால அது கல்யாணம் இல்லன்னு ஆயிடுச்சி. நாளைக்கு அந்தப் பொண்ணு இந்தியாவுக்கு வந்து போவறதுக்கு ஓசிஐ அட்டை கேக்கணும்னாலும், பதிஞ்ச கல்யாணமா இருக்கணும், ரெண்டு வருஷம் ஓடியிருக்கணும். ஆபீசர் வீடியோ கேக்க மாட்டான், காயிதம் கேப்பான். எனக்கும் உங்க ஆயாவுக்கும் அந்தக் காயிதமே கெடையாது. அந்த தைரியத்துலதான் அவ தெனம் சண்டைக்கு வர்றா.

மண்டபம் செராங்கூன் ரோட்டு சீனிவாசப் பெருமாள் கோயில்லதானே? நல்ல எடம். அங்க கடை வெச்சிப் பெரிய ஆளான கோவிந்தசாமிப் பிள்ளை பேர்ல இருக்குது அந்த மண்டபம். ஆனா நம்ம ஊரு ஜோசியர்கிட்ட முகூர்த்த நேரம் எழுதி வாங்கி அனுப்பிச்சீங்களே, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சி. காலையில ஆறுன்னு எழுதியிருக்கறாரு. சிங்கப்பூர்ல வருஷம் பூராவும் சூரியன் ஏழு மணி வாக்குலதான் எட்டிப் பாக்கும். ஆறு மணிக்கு அங்க நட்ட நடு இருட்டு, நாதஸ்வரக்காரர் கொட்டாவி வுட்டுகினு இருப்பாரு. ராகு காலம்னா சூரியன் உதிக்கறதுல இருந்து கணக்கு. நம்ம ஆறு மணி உதயத்த வெச்சி ஞாயித்துக்கெழம சாயந்தரம் நாலரையில இருந்து ஆறுன்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கோம். அங்க அது ஏறக்குறைய அஞ்சரையில இருந்து ஏழு. நீங்க அந்த ஞாயித்துக்கெழம சாயந்தரம் ஆறரைக்கு ரிசப்ஷன் வெச்சிருக்கீங்க. நம்ம ராகு போயிட்டான், அவங்க ராகு சோபாவுல மாப்பிள்ள பக்கத்துலயே உக்காந்திருப்பான். இத்த உங்கம்மாகிட்ட சொல்லாத, மறுபடியும் பத்திரிகை அடிப்பா. கோயில் குருக்களுக்கு அவரு ஊரு பஞ்சாங்கம் தெரியும், அவருகிட்ட வுட்டுடு. இங்க இருந்து பாக்கறவங்களுக்கு மட்டும் சரியாச் சொல்லு, அங்க ஒம்போதுன்னா இங்க ஆறரை. போன தடவ ஒரு கல்யாணத்த லைவ்ல பாக்க ஒக்காந்து, பந்தி எடுக்கறதத்தான் பாத்தோம்.

நீ போயித்தான் ஆவணும், அதுல பேச்சே இல்ல. மூணாவது முடிச்சு நாத்தனார் போடறது. அந்த ஊரு சட்டத்துல அதுக்கு எடமில்ல, நம்ம சட்டத்துல இருக்குது. போட்ட பொறவு பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட சீர்ப் பொடவை வாங்காம எழுந்திரிக்காத. அது ஒரு ஞாயமான வருமானம்.

பாப்பாவுக்கு பாஸ்போர்ட் எடுத்தாச்சா? இன்னும் இல்லியா! நடக்க வெக்கறதுக்கு முன்னாடி பறக்க வெக்கற வேலையப் பாரு. தாம்பரத்துலயே சேவை மையம் இருக்குது. நாலு வயசுக்குள்ள இருந்தா நீயே வெள்ளைப் பின்னணியில போட்டோ எடுத்துகினு போவணும். அஞ்சு வருஷத்துக்குச் செல்லும், ஆறு மாசத்துல மூஞ்சி மாறிடும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. விசாவும் அவளுக்குத் தனி. ரெண்டு வயசுக்குள்ள மடியில ஒக்காத்தி வெச்சா டிக்கெட் பெரும்பாலும் பத்துல ஒரு பங்குதான். அதுக்குள்ள கல்யாணம் வெச்சான் பாரு, உன் தம்பி பொறந்ததுல இருந்து செஞ்ச ஒரே சிக்கனம் அதுதான். மேல ஏறும்போதும் எறங்கும்போதும் பால் குடு, காது அடைக்காது. தட்டம்மைக்கு ரெண்டாவது ஊசி 16 மாசத்துக்கு மேல வருது, அட்டையப் பாத்து நாள் குறிச்சி வெச்சிக்கோ. இதுக்கெல்லாம் யாரும் ஸ்டேட்டஸ் வெக்க மாட்டாங்க.

நகைய அள்ளிப் பூட்டிகினு போறதா இருந்தா, போவும்போதே கஸ்டம்ஸ்ல காட்டி எழுதி வாங்கிகினு போ. திரும்பி வரும்போது "இது எங்கம்மா போட்டது சார்"னு அழுதா அவன் நம்பணும்னு சட்டம் இல்ல.

என்னையக் கூப்புடாத. திரிசூலத்துல பிளேன் ஏறுனா நாலு மணி நேரத்துல சிங்கப்பூர், கெளாம்பாக்கத்துல பஸ் ஏறுனா தஞ்சாவூர் போறதுக்கே அதுக்கு மேல ஆவுது, எல்லாம் தெரியும். ஆனா 1992-லயே சூயிங்கம்முக்குத் தடை போட்ட ஊரு அது. வெத்தலையோட நான் போடற புகையிலைய உள்ள எடுத்துகினு போவவே கூடாது. அது இல்லாம நாலு நாள் இருந்தேன்னா, அட்சதை போடற எடத்துல நான் யாரையாவது அடிச்சிடுவேன்.

காது குத்து இங்கதான். குலதெய்வம் கோயில்ல, தாய்மாமன் மடியில. அதுக்கு அவன் லீவு போட்டு, பொண்டாட்டிய இட்டுகினு வரட்டும். "ஜூம்ல மடி வெக்கறேன் அக்கா"ன்னு சொன்னானாமே? எனக்கே காது குத்தப் பாக்கறான் பையன். கம்மல் அவன் செலவு, மொட்டைக்குச் சந்தனம் அவன் செலவு, கெடா வெட்டறதும் அவன் செலவு. தங்கம் விக்கற வெலையில அவன் வராம இருக்கறதுக்குக் காரணம் தேடுவான், வுடாத. முடிச்சு போடற நேரத்துல தேதி கேளு. மாலையும் கழுத்துமா ஒக்காந்திருக்கறவனால மாட்டேன்னு சொல்ல முடியாது.

தோ பாரு, பேசிகினு இருக்கும்போது பாப்பா எங்க போயிட்டா? உங்க ஆயா சொம்ப உருட்டறா, அந்தச் சத்தத்துக்குத் திரும்பிட்டா பாரு. காது நல்லாத்தான் இருக்குது போல. இருந்தாலும் நாளைக்கு அங்கன்வாடிக்குப் போயி எடையப் போட்டுட்டு வா.

சிங்கப்பூர்ல இருந்து வரும்போது கோடாலித் தைலம் வாங்கிகினு வா. பெரிய பாட்டில். சின்னதா பத்து வாங்கினு வந்து எல்லாருக்கும் குடுக்கற வேலைய வெச்சிக்காத, இந்தத் தெருவுல எல்லாருக்கும் முட்டி வலிதான், எனக்கு மிஞ்சாது.