எஸ்எஸ்டி-யைக் காணோமா? பத்து நிமிட வேலையை மூன்று நாளாக்கும் வழிகள்

வாழ்த்துகள்! லேப்டாப்பைப் பிரித்து, பழைய எஸ்எஸ்டி-யைக் கழற்றி, புதியதை மாட்டி, பென்டிரைவிலிருந்து விண்டோஸ் 11-ஐ ஓடவிட்டு, 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே வந்துவிட்டீர்கள். எதில் போடட்டும் என்று கேட்க வேண்டிய இடத்தில் வெறும் பெட்டி. டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை என்கிறது திரை.

இதைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். அதை மூன்று நாளுக்கு இழுப்பது எப்படி என்று சொல்லித்தருவதுதான் என் வேலை. உங்களில் பலருக்கு இந்தத் திறமை பிறவியிலேயே உண்டு. நான் கொஞ்சம் பட்டை தீட்டுகிறேன், அவ்வளவுதான்.

1. பயாஸ் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

ஆன் செய்ததும் எஃப்2-வையோ டெலிட்டையோ தட்டினால் பயாஸ் திறக்கும். அங்கே எஸ்எஸ்டி-யின் பெயர் தெரிந்தால் மாட்டியது சரி, விண்டோஸின் கண்ணில்தான் கோளாறு. தெரியாவிட்டால் மாட்டியதில் கோளாறு. இரண்டு நிமிடத்தில் பாதி சிக்கல் அவிழ்ந்துவிடும். அப்புறம் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவைப்படாது. எனவே திறக்காதீர்கள்.

2. கடைக்காரரைத் திட்டுங்கள்.

ரிச்சி தெருவில் வாங்கியிருந்தால், "அங்கே எல்லாமே டூப்ளிகேட்" என்று தொடங்குங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால், "ரிச்சி தெருவிலேயே வாங்கியிருக்கலாம்" என்று தொடங்குங்கள். பின்னால் என்றைக்காவது அந்த 512 ஜிபி டிரைவ் தெரிந்து, 476 என்று காட்டினால், 36 ஜிபி-யை எவனோ சுருட்டிவிட்டான் என்று இன்னொரு சுற்று திட்டலாம். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது என்ற விளக்கத்தை யாராவது சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

3. மறுபடி பிரியுங்கள். கட்டில்மேல், மின்விசிறிக்கு அடியில், பூப்போட்ட போர்வை விரித்து.

எம்.2 எஸ்எஸ்டி-யை ஒரே ஒரு ஸ்குருதான் பிடித்து வைத்திருக்கிறது. மூக்குத்தித் திருகாணியைவிடக் கொஞ்சம் பெரிது. அதைப் போர்வைமேல் வையுங்கள். ஒரு பூவுக்குப் பக்கத்தில் என்று அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது.

பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டாம். டிரைவைச் சாய்வாகச் செருகி, கடைசிவரை தள்ளி, பிறகு படுக்கவைத்து ஸ்குரு போட வேண்டும் என்பார்கள். நீங்கள் பாதியில் நிறுத்திவிடுங்கள். ஸ்குருதான் தொலைந்துவிட்டதே! டிரைவின் வால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் செலோடேப் போதும்.

4. நுழைந்துவிட்டால் பொருந்திவிட்டது என்று நம்புங்கள்.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர். 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், அதனால் 2280. அந்த வடிவத்துக்குள் சாட்டா இருக்கலாம், என்விஎம்ஈ இருக்கலாம். விளிம்பில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்று இருந்தால் பெரும்பாலும் என்விஎம்ஈ. என்விஎம்ஈ மட்டுமே ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா கார்டு சுகமாக உட்காரும், ஆனால் வாயைத் திறக்காது. வாங்குவதற்கு முன் லேப்டாப்பின் மேனுவலைப் பார்த்திருக்கலாம். மேனுவலை யார் பார்க்கிறார்கள்?

5. டிரைவைக் காணோம் என்றால் டிரைவரைத் தேடாதீர்கள்.

அந்த வெற்றுப் பெட்டியின் பக்கத்திலேயே 'லோட் டிரைவர்' என்று ஒரு பொத்தான் இருக்கும். வினாத்தாளோடு விடைத்தாளையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. கௌரவமுள்ளவர்கள் தொட மாட்டார்கள்.

விஷயம் இதுதான். தெரிந்து வைத்துக்கொள்ளலாம், பயன்படுத்தத்தான் கூடாது. 2020-ல் வந்த இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து விஎம்டி என்று ஒன்று லேப்டாப்புக்குள் நுழைந்தது. அதற்குமுன் சர்வர்களில் குடியிருந்த சமாச்சாரம். என்விஎம்ஈ டிரைவ்களைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு, தன் பாஷை தெரிந்தவருக்கு மட்டும் கதவைத் திறக்கும். விண்டோஸ் பென்டிரைவுக்குப் பெரும்பாலும் அந்தப் பாஷை தெரியாது. இன்டெல்லின் ஆர்எஸ்டி டிரைவரை ஏற்றினால் தெரியவரும். வண்டி வாசலில்தான் நிற்கிறது, ஓட்டுநர்தான் வரவில்லை.

அந்த டிரைவர் ஃபோல்டரின் பெயர் எஃப்6 என்று தொடங்கும், உள்ளே ஃப்ளாப்பி என்பதன் சுருக்கமும் இருக்கும். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி-யில், இன்ஸ்டால் தொடங்கும்போது எஃப்6 தட்டி ஃப்ளாப்பியிலிருந்து டிரைவர் ஊட்டுவார்கள். ஃப்ளாப்பிக்குக் கருமாதி முடிந்து எவ்வளவோ நாளாகிறது. பேர் மட்டும் ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது.

ஆர்வக்கோளாறில் டிரைவரை இறக்கியே ஆகவேண்டும் என்றால், இறங்கிய இஎக்ஸ்ஈ கோப்பைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். இன்ஸ்டாலர் தேடுவது ஐஎன்எஃப் கோப்பை. இஎக்ஸ்ஈ-யைப் பிரித்தால்தான் அது வெளியே வரும். பிரிக்காவிட்டால் மீண்டும் வெற்றுப் பெட்டி. அதை எடுத்துவர வேறு பென்டிரைவ் தேட வேண்டாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் முதல் அப்பாவின் மணிவிழா வரை எல்லாப் படங்களையும் பத்திரப்படுத்திய எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் இருக்கிறதே, அதில் கொண்டுவந்து சொருகுங்கள். சொருகியது சொருகியபடியே இருக்கட்டும். எட்டாம் படியில் தேவைப்படும்.

6. இப்போது பயாஸுக்குள் போகலாம். பார்ப்பதற்கு அல்ல, மாற்றுவதற்கு.

விஎம்டி-யை அணைத்தால் புது டிரைவ் தெரியும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். (சில லேப்டாப்களில் அந்த வரியே ஒளிந்திருக்கும், கன்ட்ரோல்-எஸ் தட்டினால்தான் எட்டிப்பார்க்கும். சிலவற்றில் தட்டினாலும் வராது.) அணையுங்கள். அணைத்தபின் இன்ஸ்டாலரை ஓட்டிப் பார்ப்பவன் சாதாரண மனிதன். நீங்கள் முதலில் ஸ்லாட் நன்றாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். புதியதைக் கழற்றிப் பழைய எஸ்எஸ்டி-யை மாட்டுங்கள்.

நீலத் திரை வரும். பூட் ஆகவேண்டிய டிரைவை எட்ட முடியவில்லை என்று சொல்லும். விஎம்டி இருக்கும்போது போட்ட விண்டோஸ், அதை அணைத்ததும் திணறுவது இயல்பு. திரும்ப ஆன் செய்தால் எழுந்துவிடும். ஆனால் நீங்கள் வரவேண்டிய முடிவு வேறு: ஸ்லாட் இரண்டு டிரைவையும் சாப்பிட்டுவிட்டது.

பதறி, பயாஸில் எல்லாவற்றையும் டிஃபால்ட்டுக்குத் திருப்புங்கள். விஎம்டி மறுபடி ஆன். பழைய டிரைவ் ஓடுகிறது! ஆக ஸ்லாட் சுத்தம், பழையது சுத்தம், புதியதுதான் டப்பா என்று தர்க்கப்படி நிரூபித்தாகிவிட்டது. வழியில் பிட்லாக்கர் குறுக்கே வந்து 48 இலக்கச் சாவி கேட்டால் கலங்காதீர்கள். பல புது லேப்டாப்களில் அந்தப் பூட்டு தானாகவே விழுந்திருக்கும். சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கக்கூடும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு, பூட்டிய அந்த லேப்டாப்பில் இருக்கும்.

7. பழசுதான் நல்லது என்று விண்டோஸ் 7 போட்டுப் பாருங்கள்.

அது வந்தது 2009 அக்டோபரில். என்விஎம்ஈ-யின் முதல் வரையறை 2011-ல். பிறக்காத பிள்ளையை விண்டோஸ் 7 எப்படி அடையாளம் காட்டும்? அரை நாள் போகும். அடுத்து.

8. டிஸ்க்பார்ட்.

புது எஸ்எஸ்டி-யை மாட்டி, மறுபடி அதே வெற்றுப் பெட்டி முன்னால் உட்காருங்கள். ஷிப்ட்-எஃப்10 அழுத்தினால் கறுப்புத் திரை வரும். டிஸ்க்பார்ட் என்று அடித்து, டிஸ்குகளைப் பட்டியலிடச் சொல்லுங்கள். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று இரண்டு தெரியும். ஆகா, அகப்பட்டது!

அளவைப் பார்க்காதீர்கள். 512 வாங்கியவருக்கு 931 ஜிபி எப்படி வரும் என்று கேட்காதீர்கள். 931 என்பது 1 டிபி டிஸ்க், அதாவது மணிவிழா. டிஸ்க் 0-வைத் தேர்ந்தெடுத்து 'கிளீன்' என்று அடியுங்கள். ஓர் எஸ்எம்எஸ்ஸை அழிக்கவே போன் இரண்டு முறை கேட்கிறது. இந்தக் கட்டளை ஒரு முறைகூடக் கேட்காது. கண்மூடித் திறப்பதற்குள் வெற்றிகரமாகத் துடைத்தேன் என்று ஒரு வரி வரும். நான் பார்த்தவற்றில் இவ்வளவு பணிவான வாக்கியம் வேறில்லை.

பார்ட்டிஷன் அட்டவணைதான் போயிருக்கிறது, படங்கள் அங்கேயே இருக்கும். அப்போதே கையை எடுத்துவிட்டால் மீட்டுவிடலாம். ஆகவே எடுக்காதீர்கள். ஃபார்மேட் செய்து, விண்டோஸ் ஐஎஸ்ஓ-வை அதில் காப்பி செய்யுங்கள்.

9. தெரிந்த பையனைக் கூப்பிடுங்கள்.

சித்தப்பா மகன் இன்ஜினீயரிங் படித்திருப்பான். சிவிலாக இருந்தாலும் பரவாயில்லை. அவன் வந்து மூன்று படிகளை முதலிலிருந்து செய்து, தோசை சாப்பிட்டு, "மதர்போர்டு போயிடுச்சுண்ணா" என்று சொல்லிவிட்டுப் போவான்.

10. மூன்றாம் நாள், பழுது பார்க்கும் கடைக்குப் போங்கள்.

கடைப் பெண் கேட்கிற முதல் கேள்வி, "பயாஸ்ல காட்டுதா சார்?" என்பதுதான். "அதெல்லாம் பார்த்தாச்சு" என்று சொல்லுங்கள். அவர் நம்ப மாட்டார். எஃப்2 தட்டுவார். டிரைவ் அங்கே தெரியாது. பின்மூடியைத் திறந்து, செலோடேப்பை உரித்து, டிரைவைக் கடைசிவரை தள்ளி, தன் டப்பாவிலிருந்து ஒரு ஸ்குரு போடுவார். இப்போது பயாஸில் தெரியும். தன் பென்டிரைவிலிருந்து டிரைவரை ஏற்றுவார். வெற்றுப் பெட்டியில் 476 ஜிபி வந்து நிற்கும். மொத்தம் ஒன்பது நிமிடம்.

"நானும் இதைத்தான் நினைச்சேன்" என்று சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் அவர் லேப்டாப்பை லேசாக ஆட்டிப் பார்ப்பார். உள்ளே ஏதோ கிணுகிணுக்கும். போர்வையில் பூவுக்குப் பக்கத்தில் வைத்தீர்களே, அந்த ஸ்குரு.