காற்றைப் புறக்கணித்த கதை

திருவேங்கடத்தில் நின்றுகொண்டு ‘காற்றுத்தடையைப் புறக்கணிக்க’ என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். ஆனி பிறந்துவிட்டால் மேற்கே கணவாய்க்குள் நுழைந்து வருகிற காற்று, கொடியில் காயப்போட்ட வேட்டியைக் கரிசல்காடு தாண்டிக் கொண்டுபோய்விடும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகம் அதையும் மீறித் துணிந்து சொன்னது. நாங்களும் புறக்கணித்தோம். மார்க் வேண்டுமே.

இந்தக் காற்றுக்குப் பழைய சரித்திரம் உண்டு. கையை விட்ட பிறகும் கல் ஏன் ஓடுகிறது என்றால், ‘பின்னாலிருந்து காற்றுதான் தள்ளுது’ என்றார் அரிஸ்டாட்டில் பெரியவர். பெரியவர் பேச்சுக்கு வெகுகாலம் மறுபேச்சு எடுபடவில்லை. 1537-இல் டார்ட்டாக்லியா என்ற இத்தாலிக்காரர் பீரங்கியை 45 பாகைக்குத் தூக்கினால்தான் குண்டு அதிக தூரம் போகும் என்றார்.

1638-இல், வீட்டுக்காவலில் கிடந்த கலிலியோ அண்ணாச்சி முடிச்சை அவிழ்த்தார். ஒரே கல்லுக்குள் இரண்டு ஆள். ஒருத்தன் வண்டிமாடு மாதிரி ஒரே வேகத்தில் நேரே போவான். மற்றவன் மேலே ஏறி, களைத்து, கீழே இறங்குவான். ஒருத்தன் சோலிக்கு மற்றவன் போகமாட்டான்.

கம்மங்காட்டில் கவண்கல்லை 30 பாகையில், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் விடுகிறோம். ஏறுகிறவன் பங்கு அதில் பாதி, 10. புவியீர்ப்பு நொடிக்கு 10 வீதம் பிடுங்கினால் 1 நொடியில் ஆள் காலி. இறங்க இன்னொரு நொடி. அந்த 2 நொடியும் வண்டிமாடு 17.3 வீதம் நடந்திருக்கும். ஆக 34.6 மீட்டர். (கல் கையை விட்ட உயரத்தையும் புறக்கணித்தாயிற்று. காற்றையே புறக்கணித்தவனுக்கு இது பெரிதா?) சூத்திரத்தை உருப்போட்டவன் ‘சைன் 2 தீட்டா’வில் அந்த 2-ஐ மறந்தால் பரீட்சை போச்சு. ஆளைப் பிரிக்கத் தெரிந்தவனுக்குப் போகாது.

துப்பாக்கி வேகத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது என்று கலிலியோவே எழுதிவைத்தார். அந்த இடத்தை யார் படித்தார்கள்?

ஒருவர் படித்திருக்க வேண்டும். பெஞ்சமின் ராபின்ஸ், கொல்லாமை பேசும் குவேக்கர் வீட்டுப் பிள்ளை. அவர் செய்ததோ பீரங்கி ஆராய்ச்சி. கனத்த பலகையை ஊஞ்சலாகத் தொங்கவிட்டுச் சுட்டார். பலகை ஆடிய ஆட்டத்தை வைத்துக் குண்டின் வேகத்தைக் கண்டுபிடித்தார். நொடிக்கு 500 மீட்டரில் கிளம்பும் துப்பாக்கிக் குண்டு, 45 பாகையில் விட்டால், ஏட்டுக்கணக்கின்படி 25 கிலோமீட்டர் போகவேண்டும். நிஜத்தில் அதன் பக்கத்தில்கூடப் போகாது. பெரியவர் தள்ளச் சொன்ன அதே காற்று எதிரே நின்று, குண்டின் எடையைவிடப் பல மடங்கு விசையோடு மறிக்கிறது. 1742-இல் ராபின்ஸ் புத்தகம் வந்தது. 1745-இல் ஆய்லர் அதை ஜெர்மனில் பெயர்த்து, நூலைவிடப் பெரிதாக உரை எழுதினார். நம் உரையாசிரியர்களுக்கு அங்கேயும் தாயாதி உண்டு.

காற்றைப் புறக்கணிக்காத ராபின்ஸைக் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை பார்க்க நம்மூருக்கே அனுப்பியது. 1750-இல் வந்தார். காய்ச்சல் படுத்தியது. 1751 ஜூலை 29, கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் போய்ச்சேர்ந்தார். நல்ல ஆடிக்காற்று நேரம்.

நாலு வருஷம் கழித்து, 1755-இல், அதே கம்பெனியின் கர்னல் ஹெரான் பீரங்கியும் படையுமாகச் சங்கரன்கோவிலுக்கு மேற்கே நெல்கட்டும்செவல் வரைக்கும் வந்து, பூலித்தேவர் கோட்டையைப் பிடிக்காமலே திரும்பினார். எறிகோணத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இந்தப் பக்கத்து மண்சுவர் குண்டை விழுங்கிவிட்டுச் சும்மா நிற்கும். ராபின்ஸ் பலகையாவது கொஞ்சம் ஆடியது.