ஸ்கோரை மீறிவிட்டு மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி?

பியானோவில் உட்காருமுன் இசையமைப்பாளரைத் தேர்ந்தெடுங்கள். காலமானவராக இருப்பது உத்தமம். உயிரோடு இருப்பவர் என்றால் வம்பு. 1816இல் பீத்தோவனின் குவின்டெட் ஒன்றை வாசித்த செர்னி, வாலிப வேகத்தில் தன் கைச்சரக்கையும் கொஞ்சம் கலந்தார். சக கலைஞர்கள் முன்னாலேயே திட்டு விழுந்தது. மறுநாள் பீத்தோவன் வருத்தம் தெரிவித்துக் கடிதம் அனுப்பினார். எழுதியபடி வாசித்தால்தான் எழுதியவனுக்குப் பிடிக்கும் என்பதை அதிலும் சொல்லாமல் விடவில்லை.

பாக் பத்திரமானவர். 1750இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தவிர, தன் கீபோர்டு உருப்படிகள் பெரும்பாலானவற்றில் வேகத்தையோ ஓசை அளவையோ அவர் குறிக்கவே இல்லை. குறிக்காததை மீறினீர்கள் என்று எவர் வழக்குப் போட முடியும்? கிளென் கூல்ட் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை' 1955இல் சுமார் 38 நிமிடத்தில் முடித்தார். 1981இல் 51 நிமிடம் எடுத்துக்கொண்டார். சில பகுதிகளைத் திருப்பி வாசித்ததும் ஒரு காரணம்தான். இரண்டையும் கொண்டாடுகிறார்கள்.

மீறுவதென்றால் மெதுவாக மீறுங்கள். வேகமாக வாசித்தால் தப்பு தெரியும். மெதுவாக வாசித்தால் ஆழம் என்பார்கள். 1962 ஏப்ரலில் கார்னகி ஹாலில் கூல்ட், பிராம்ஸின் முதல் கான்செர்டோவை அப்படித்தான் வாசித்தார். இந்த வாசிப்பு தனக்கு உடன்பாடில்லை என்று சபையிடம் அறிவித்துவிட்டே பெர்ன்ஸ்டைன் ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். உங்களுக்கு எதிராக யாராவது இப்படி அறிவித்தால் கலங்காதீர்கள். அறுபது வருஷம் கழித்தும் பேசுவார்கள்.

“நான் ஸ்கோரை மீறாதவன்” என்று மார்தட்டும் யோக்கியர் எதிர்ப்பட்டால், 'மூன்லைட்' சொனாட்டாவை அவர் முன் வையுங்கள். முதல் பகுதி முழுக்க டாம்பர் இல்லாமல், அதாவது பெடலை மிதித்தபடியே, வாசிக்கச் சொல்கிறார் பீத்தோவன். அந்தக் காலப் பியானோவில் ஒலி சீக்கிரம் அடங்கியது. இன்றைய கிராண்ட் பியானோவில் காலை எடுக்காமல் வாசித்தால் எல்லாம் சேர்ந்து கூழாகிவிடும். யோக்கியரின் கால் தானாக மேலே வரும். அப்போது எதுவும் கேட்காதீர்கள். முகத்தை மட்டும் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஷோபானைக் காட்டுங்கள். தன் மாணவர்களின் பிரதிகளில் அவரே வெவ்வேறு அலங்காரங்களை எழுதித் தந்திருக்கிறார்.

உருப்படியே உங்களுடையது என்றால் கவலையில்லை. ராக்மனினோஃபின் 'கொரெல்லி வேரியேஷன்ஸில்' மொத்தம் 20. சபையில் இருமல் கூடினால் அடுத்ததை விட்டுவிடுவாராம். ஓர் ஊரில் 10தான் தேறியது.

நீங்கள் கிரேடு தேர்வுக்குப் போகிறவர் என்றால், மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. தேர்வாளர் எவ்வளவு இருமினாலும் கடைசி பார் வரைக்கும் வாசியுங்கள்.