கொழும்பு ஜில்லா, மணமேல்குடி வழி

1974 பொங்கலன்று எங்கள் பகுதியைத் தஞ்சாவூரிலிருந்து பிரித்து, புதிதாகப் பிறந்த புதுக்கோட்டை மாவட்டத்தில் சேர்த்தார்கள். ஊரில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. தஞ்சாவூரோ புதுக்கோட்டையோ, அதெல்லாம் பத்திரம் பதியவும் பட்டா மாற்றவும்தான். காதைப் பொறுத்தவரை மணமேல்குடிக் கடற்கரை எப்போதுமே கொழும்பு ஜில்லா.

திருச்சி வானொலி நிலையம் 1939-லிருந்து இருக்கிறது. எங்களுக்கு அது பெரியப்பா வீடு மாதிரி. மரியாதை உண்டு, போக்குவரத்து குறைவு. தப்பு திருச்சியின் மேல் இல்லை. மத்திய அலைக்கு உப்புத் தண்ணீர் என்றால் கொள்ளைப் பிரியம், காய்ந்த மண் என்றால் ஆகாது. திருச்சி, புதுக்கோட்டைப் பொட்டலெல்லாம் நடந்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும். 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற கொழும்போ, கடலில் வழுக்கிக்கொண்டு வந்து பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேசும். டில்லியும் தன் பங்குக்கு உதவியது. 1952-ல் மந்திரியான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு கேட்டால் ஜனங்களின் ரசனை கெட்டுவிடும் என்று அகில இந்திய வானொலியில் அதை ஓரங்கட்டினார். அவர் தள்ளியதை இலங்கை வானொலி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. டில்லி தன் தவறை உணர்ந்து 1957-ல் விவித பாரதியைத் தொடங்குவதற்குள் எங்கள் அப்பத்தாவின் காது தெற்கே திரும்பிவிட்டது. அப்புறம் அதை யாராலும் திருப்ப முடியவில்லை.

எங்கள் வீட்டு டிரான்சிஸ்டர் சித்தி கொண்டுவந்த சீர். ஆகவே குமிழைத் தொடும் உரிமை சித்திக்கு மட்டும். மற்றவர்களுக்குப் பெட்டியைத் திருப்பும் வேலை. அதன் வயிற்றுக்குள் செம்புக் கம்பி சுற்றிய ஒரு கறுப்புக் குச்சி இருக்கும். குச்சியின் விலாப்பக்கம் கொழும்பைப் பார்த்தால் இலங்கை வானொலி அறிவிப்பாளர் அப்துல் ஹமீத் பேசுவார்; முனை கொழும்பைப் பார்த்தால் இரைச்சல்தான் பேசும். இந்த விஞ்ஞானம் எங்களுக்குத் தெரியாது. சித்தப்பா மட்டும் பல நாள் ஆராய்ச்சிக்குப் பிறகு மாடக்குழியில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருந்தார். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது கோடு மறைந்துவிட, தை மாதம் முழுக்க வீட்டில் சண்டை.

பேட்டரிக் கட்டை தீர்ந்தால் புதிது வாங்குகிற வழக்கம் கிடையாது. அப்பத்தா வடகம் காயப்போடும் பாயின் ஓரத்தில் அதுவும் காயும். நாலு மணி வெயில் குடித்த கட்டை, ஒரு நாடகத்தின் முக்கால்வாசி வரை தாங்கும். மீதிக் கால்வாசியை அப்பத்தா தன் சொந்தப் பொறுப்பில் சொல்லி முடிப்பார். அவர் முடிவில் மாமியார் எப்போதும் நல்லவர்.

மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத். இந்த அறிவிப்பாளர்கள் பேசுகிற தமிழில் ழகரம் ழகரமாகவே இருந்தது எங்களுக்குப் பெரிய அதிசயம். 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்பதைத் தடுக்காமல் சொல்கிறவனைத்தான் எங்கள் தமிழ் ஐயா வகுப்புத் தலைவன் ஆக்குவார். நான் கடைசி வரை ஆகவில்லை. கூட்டுத்தாபனம் என்றால் கூட்டுக்குடும்பம் என்று அப்பத்தா நம்பிக்கொண்டிருந்தார். அத்தனை பேர் ஒரே வீட்டில் இருந்தும் ஒரு சண்டைச் சத்தம்கூட வெளியே கேட்பதில்லையே என்று சித்திக்கு அடிக்கடி சுட்டிக்காட்டுவார்.

'கோமாளிகளின் கும்மாளம்' நாடகம் வருகிற நேரத்தில் தெருவில் நாய்தான் நடமாடும். மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்று நாலு பேர். ஒருவர் முஸ்லிம் தமிழ், ஒருவர் யாழ்ப்பாணத் தமிழ், ஒருவர் சிங்களவர் பேசும் தமிழ், ஒருவர் ஐயர் தமிழ். 1976-ல் 'கோமாளிகள்' என்று படமாகவே எடுத்தார்கள். இதில் பாதிக்கப்பட்டவர் எங்கள் டீக்கடை மரைக்காயர். நாடகத்தில் மரிக்கார் எதில் மாட்டிக்கொண்டாலும், மறுநாள் காலையில் ஊரே வந்து இவரிடம் விசாரிக்கும். "நான் இல்லப்பா, அது வேற ஆளு" என்று முதலில் சொல்லிப் பார்த்தார். பிறகு அலுத்துப்போய், "ஆமா, மாட்டிக்கிட்டேன், டீ குடிக்கிறியா இல்லியா?" என்று கேட்க ஆரம்பித்தார். வியாபாரம் கூடியது.

என் வீழ்ச்சி 'இசையும் கதையும்' வழியாக வந்தது. நேயர் எழுதிய கதையை உருக்கமாக வாசித்து, நடுநடுவே பொருத்தமான சினிமாப் பாட்டு போடுவார்கள். காதல் தோற்க வேண்டும், அதுதான் இலக்கணம். பள்ளி இறுதி வகுப்பில் இருந்த நான் ஒரு கதை எழுதினேன். கதாநாயகி பெயரை யோசித்து நேரத்தை வீணாக்காமல், மேலத்தெருவில் இருந்த ஒரு பெயரையே வைத்துவிட்டேன். 'இங்கே டி.எம்.எஸ். சோகம்', 'இங்கே சுசீலா, மெதுவாக' என்று அடைப்புக்குறி போட்டு, உறையின் பின்பக்கம் வீட்டு விலாசத்தையும் அழகாக எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பினேன். ஒட்டியது உள்நாட்டுக் கட்டணத்துக்கான தபால்தலை. இலங்கை வெளிநாடு என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. இரவில் அத்தனை பக்கத்தில் பேசுகிறவர்கள் எப்படி வெளிநாடாக இருக்க முடியும்?

கடிதம் திரும்பி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அப்பா திண்ணையில் இருந்தார்.

நான் வீடு திரும்பியபோது அங்கே பதினைந்து பேர். அப்பா கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தார். அடைப்புக்குறி வந்ததும் நிறுத்திச் சித்தப்பாவைப் பார்ப்பார். சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு டி.எம்.எஸ். ஆவார். சுசீலா வர வேண்டிய இடத்திலும் அவரேதான். கதாநாயகி பெயர் வரும்போதெல்லாம் அப்பா கொஞ்சம் நிறுத்தி மேலத்தெருப் பக்கம் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். கதாநாயகன் கடலில் விழுந்து சாகிற கட்டத்தில் மரைக்காயர், "இந்தக் கடல்ல எப்படிப்பா சாவான்? ரெண்டு பர்லாங் நடந்தாலும் இடுப்பளவு தண்ணிதானே?" என்று கேட்டார். சிரிப்பு அடங்கக் கால்மணி ஆனது. பாட்டு, கதை, நகைச்சுவை மூன்றும் ஒருசேர அமைந்த நேரடி ஒலிபரப்பு அது. பேட்டரிச் செலவுகூட இல்லை.

அப்பா கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டினார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இரவு சோறு போடும்போது அப்பத்தா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "கதை நல்லாத்தான்டா இருக்கு. கொழும்புக்காரன் வாசிச்சிருந்தா அழுதிருப்பேன். ஒங்கப்பனுக்கு வாசிக்கத் தெரியல."