எரர் இல்லாத மனிதர்

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் நடக்கிற கூட்டத்தில், கடைப் போர்டுகளைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டே போகிறவர் ஒருவர் உண்டு. ‘& சன்ஸ்’, ‘& கோ’ என்று எழுதிவைத்த பெயின்டர்கள்மேல் அவருக்குத் தீராத கோபம். அவர் வேலை பார்க்கிற எக்ஸ்.எம்.எல். ஃபைலில் அந்த ‘&’ குறியை அம்போவென்று விட்டால் ஃபைல் அங்கேயே படுத்துவிடும்.

1964இல் தொடங்கிய பேட்டை இது. லேத்துகள் இரும்பு சீவும் ஷெட்டுகளைத் தாண்டி, ஏ.சி. மாடியில் உட்கார்ந்து நம்மவர் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குக் கட்டுரை சீவுகிறார். தலைப்பு, சுருக்கம், படம், மேற்கோள் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு டேக் திறக்க வேண்டும், பின்னால் மூட வேண்டும். கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும். 1998இல் எக்ஸ்.எம்.எல். வந்த நாளிலிருந்து இதுதான் சட்டம். ஹெச்.டி.எம்.எல். பக்கத்தில் மூட மறந்தாலும் பிரவுசர் எப்படியோ ஒப்பேற்றிக் காட்டிவிடும். எக்ஸ்.எம்.எல்.லுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. நம்மவருக்கும் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் அடைப்புக்குறி மூடாமல் இருந்தால், பேனா எடுத்து மூடிவிட்டுத்தான் குங்குமம் எடுத்துக்கொள்வார்.

நைட் ஷிப்டில் அவரைப் பார்க்க வேண்டும். ஃபைலை ஆன்லைன் எடிட்டரில் ஏற்றி ‘வேலிடேட்’ பட்டனை அமுக்கினால், 840ஆவது வரியில் எரர் என்று சிவப்பாக வரும். புதுப் பையன்கள் 840ஐயே முறைத்துக்கொண்டிருப்பார்கள். அவர் விறுவிறுவென்று மேலே போவார். 212இல் திறந்த ஒரு செக்‌ஷன் மூடாமலே கிடக்கும்.

“எரர் காட்டுற லைன் வேற, தப்பு நடந்த லைன் வேற தம்பி.”

இந்த ஞானத்தை அண்ணனூர் வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் வினை. கரண்ட் பில் கட்டாததற்காக மனைவி சண்டை பிடித்தால், “எரர் காட்டுறது கரண்ட் பில்லுல. தப்பு நடந்தது போன தையில, உன் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துல” என்பார். சண்டை முதல் வரியிலிருந்து மறுபடி ஓடும்.

அவரையே திணறடிப்பது சர்நேம். குடும்பப் பெயருக்கு ஒரு டேக், சொந்தப் பெயருக்கு ஒரு டேக். நம் ஊர்ப் பேராசிரியரோ அப்பா பெயரை முன்னால் ஒட்டிக்கொண்டு வந்து நிற்பார். அப்பா எதில், பிள்ளை எதில்? பிள்ளை பாக்டீரியா பற்றி எழுதிய கட்டுரையில் அப்பா பெயரைச் சர்நேமில் போட்டாலும் வேலிடேட்டர் பச்சைக்கொடி காட்டிவிடும். அப்புறம் உலகம் முழுக்க மேற்கோளில் அப்பாதான் நிற்பார். அந்த மனுஷர் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனவர். பாக்டீரியா பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. டேக்கெல்லாம் ஒழுங்காக மூடியிருக்கிறதே, அவ்வளவுதான் வேலிடேட்டருக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை வத்தக்குழம்பை ஊற்றிவிட்டு மனைவி பக்கத்திலேயே நின்றார்.

“எப்படிங்க இருக்கு?”

உப்பு, புளி, காரம், தாளிப்பு என்று வரிசையாக மனசுக்குள் டிக் போட்டுவிட்டுச் சொன்னார்: “நோ எரர்ஸ்.”

“நல்லா இருக்கான்னு கேட்டேன்.”

“அது வேலிடேஷன்ல வராதும்மா.”